'அடாலசென்ஸ்': கொலையாளி யார் என்பதல்ல கேள்வி!

ஓடிடி-யில் க்ரைம் தொடர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு பிணம், தூக்கம் கெட்ட போலீஸ் அதிகாரி, கடைசி எபிசோடில் ட்விஸ்ட். நெட்ஃப்ளிக்ஸில் வந்திருக்கும் பிரிட்டிஷ் தொடரான 'அடாலசென்ஸ்' இதிலிருந்து விலகி நிற்கிறதா?

நிற்கிறது. விடிகாலையில் போலீஸ் கதவை உடைத்து 13 வயது ஜேமியைக் கைது செய்கிறது. கூடப் படிக்கும் கேட்டியைக் குத்திக் கொன்றதாகப் புகார். 'இவனாவது, கொலையாவது' என்று அவன் அப்பாவோடு சேர்ந்து நாமும் தவிக்கிறோம். முதல் எபிசோடு முடிவதற்குள் சிசிடிவி காட்சி அந்த நம்பிக்கையை நொறுக்கிவிடுகிறது. மிச்ச மூன்று எபிசோடுகளும் 'ஏன்' என்ற கேள்விக்குத்தான்.

ஒவ்வொரு எபிசோடும் ஒரே ஷாட். மூன்றாவதில் கிட்டத்தட்ட முழுக்க ஓர் அறை, ஜேமி, உளவியல் நிபுணர். சிரித்துப் பேசும் பையன் திடீரென வெடிக்கும்போது, வேறு பக்கம் திரும்ப கேமரா நம்மை விடுவதில்லை. ஓவன் கூப்பருக்கு இதுதான் முதல் நடிப்பு. அதிலும் முதலில் படமாக்கியது இந்த எபிசோடைத்தான். நம்புவது கஷ்டம்!

இன்ஸ்டாகிராம் எமோஜிகளின் அர்த்தத்தை இன்ஸ்பெக்டருக்கு அவருடைய மகன்தான் விளக்க வேண்டியிருக்கிறது. அப்பாவாக வரும் ஸ்டீபன் கிரஹாமோ, அறைக்குள் கம்ப்யூட்டரோடு இருந்த மகன் பத்திரமாக இருப்பதாகவே நினைத்திருந்தவர்.

ஒரு குறை. கேட்டியை எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்று ஒரு பெண் போலீஸ் வருந்துகிறார். தொடரும் அவள் வீட்டுப் பக்கம் போகவே இல்லை.

பதின்வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்தே பார்க்கலாம். மூன்றாவது எபிசோடுக்குப் பின் ஒருநாள் இடைவெளி விடுங்கள்.