கல்லில் நிறம் தங்கும் விதம்

வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் வழியெல்லாம் பாறைதான். யாரோ உருண்டைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டுப் போனது போன்ற மொட்டை மலைகள். இந்தப் பக்கத்துக் கொல்லைகளில், வேப்பமரத்தடியில், ஏழு சிறிய கற்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். சுண்ணாம்பு பூசி, மஞ்சள் தடவி, குங்குமம் வைத்திருப்பார்கள். கன்னிமார். அவை கும்பிடும் கற்கள், தோட்டத்து அலங்காரமல்ல. ஆனாலும் கல்லுக்கு நிறம் பூச ஆசைப்படுகிறவர் முதலில் பார்க்கவேண்டியது அவற்றைத்தான். வெட்டவெளியில் நிற்கும் கல்லில் எது தங்கும், எது போகும் என்று அவை காட்டிவிடும். மஞ்சள் சில நாள் வெயிலில் வெளுத்துவிடும். குங்குமம் முதல் மழையில் வழிந்துவிடும். சுண்ணாம்பு மட்டும் திட்டுத்திட்டாகவாவது ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இப்போது வீட்டு முற்றத்திலும் மாடித் தோட்டத்திலும் வண்ணக் கற்கள் வந்துவிட்டன. துளசித் தொட்டியின் ஓரத்தில் ஒரு பொறிவண்டு, மல்லிகைப் பந்தலின் கீழ் ஓர் ஆமை, படிக்கட்டில் விழித்துப் பார்க்கும் ஆந்தை. ஒரு கோடை கழிந்ததும் ஆமையின் ஓடு செதில் செதிலாக உரிந்து கிடக்கும். பெயின்ட் மோசம் என்று கடைக்காரரைத் திட்டுகிறோம். பெரும்பாலும் காரணம் கல்லில் இருக்கிறது.

செங்கல்லின் மேல் தண்ணீர் ஊற்றினால் குடித்துவிடும். நம் ஊர்க் கருங்கல் குடிக்காது. பூமிக்கு அடியில் உருகிய குழம்பு மெல்ல ஆறி, படிகங்கள் ஒன்றோடொன்று பின்னி இறுகிய கல் அது. நல்ல கருங்கல்லில் நுண்துளைகள் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. ஆகவே நிறம் உள்ளே இறங்க வழியில்லை. மேலே படுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாளில் கல் அதைவிடச் சூடாகும். கல் ஒரு அளவுக்கு விரியும், மேலிருக்கும் பெயின்ட் படலம் வேறு அளவுக்கு விரியும். பிடிப்பு தளர்ந்த இடத்தில் ஈரம் நுழைந்தால் கொப்புளம்தான்.

இந்தச் சிக்கலைப் பழைய ஓவியர்கள் அறிந்திருந்தார்கள். திருப்பத்தூர் மாவட்டம் மலையாம்பட்டுக்கு அருகில் ஆர்மாமலை என்றொரு குகை இருக்கிறது. இயற்கையான குகை, 8-ஆம் நூற்றாண்டில் சமணர்கள் அதைக் கோயிலாக்கினார்கள். அதன் கூரையில் எண்திசைக் காவலர்களின் ஓவியங்கள் இன்றும் மங்கலாகத் தெரிகின்றன. புதுக்கோட்டைச் சித்தன்னவாசலோடு சேர்த்துப் பேசவேண்டிய இடம் இது. தோல் தொழிலுக்கும் பிரியாணிக்கும் பெயர்பெற்ற ஊர்களுக்கு நடுவில் இப்படியொரு செல்வம் இருப்பது பலருக்குத் தெரியாமலே போய்விட்டதில் எனக்கு உண்மையாகவே வருத்தம். அங்கே வரைந்தவர்கள் பாறைமேல் நேராக வரையவில்லை. முதலில் பூச்சுப் பூசினார்கள். அதன்மேல் நிறம் வைத்தார்கள். அந்தப் பூச்சுத்தான் நிறத்துக்குப் படுக்கை.

அப்படியொரு படுக்கையை நாமும் சுண்ணாம்பால் போடலாம். சுண்ணாம்பு எப்படிக் கல்லைப் பிடிக்கிறது? சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சுமார் 900 டிகிரி வரை சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். நீற்றிய சுண்ணாம்பைப் பூசிய பிறகு, அது காற்றிலிருந்து அதே கரியமில வாயுவைத் திரும்ப வாங்கி மறுபடி சுண்ணாம்புக் கல்லாகிவிடுகிறது. கல்லின்மேல் இன்னொரு மெல்லிய கல் வளர்கிறது என்று சொல்லலாம். ஆனால் அதற்கு ஈரம் வேண்டும், நேரம் வேண்டும். வெயிலில் சட்டென்று உலர்ந்துபோன சுண்ணாம்பு கல்லாகாது, தூளாகத்தான் நிற்கும். தொட்டால் கையில் ஒட்டும். அதனால் கல்லை முதலில் நனைத்து, நிழலில் வைத்து, மெல்லிசாக இரண்டு மூன்று முறை பூசி, சில நாள் தண்ணீர் தெளித்துவர வேண்டும். வழவழப்பான கூழாங்கல்லுக்கு இது சரிவராது. சொரசொரப்பான கல்தான் சுண்ணாம்புக்குத் தோது.

ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்குச் சுண்ணாம்பின் வேகத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்புத் தண்ணீரில்தான் ஊறவைக்கிறார்கள். தோலையே இளக்குவது கண்ணையும் கையையும் விடுமா? சுண்ணாம்பு வேலை பெரியவர்களுடையது; பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. தோல் பதனிடும் இடத்தில் சீவிக் கழிக்கும் துணுக்குகளைக் காய்ச்சி எடுப்பதே வஜ்ஜிரப் பசை. சுவர்ப் பூச்சில் பிடிப்புக்காக அதைக் கலக்கும் வழக்கம் உண்டு. வீட்டுக்குள் சரி, மழையில் நனையும் கல்லுக்கு அது ஆகாது. அதற்குப் பதில் ஆடை நீக்கிய பால் கொஞ்சம் சேர்க்கலாம். பாலிலுள்ள புரதம் சுண்ணாம்போடு சேர்ந்தால் தண்ணீரில் எளிதில் கரையாத பசையாகிவிடும்.

நிறங்களில் மண்ணிலிருந்து வந்தவை நிலைக்கும். காவியின் சிவப்பு இரும்புத் துரு. ஏற்கெனவே துருப்பிடித்து முடிந்த பொருளை வெயில் இனி என்ன செய்யும்? விழுப்புரம் மாவட்டம் கீழ்வாலைப் பாறைகளில் வரலாற்றுக்கு முந்திய மனிதர் தீட்டிய செந்நிற உருவங்கள் இன்றும் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். மஞ்சள் காவியைச் சுட்டால் சிவப்பாகும். கறுப்புக்குக் கரி போதும். சமையல் மஞ்சளை மட்டும் சுண்ணாம்பில் கலந்துவிடாதீர்கள், சிவந்துவிடும். குங்குமம் செய்யும் பழைய முறையே அதுதானே.

பிள்ளைகளோடு உட்கார்ந்து வரைய அக்ரிலிக் நல்லது. நுண்ணிய பிளாஸ்டிக் துளிகள் தண்ணீரில் மிதக்கும் பெயின்ட் அது. தண்ணீர் ஆவியாகும்போது துளிகள் நெருங்கி ஒட்டி ஒரே படலமாகின்றன. கொதிக்கும் கல்லில் பூசினால் ஒட்டுவதற்குள் உலர்ந்துவிடும். எனவே காலை நேரம், குளிர்ந்த கல், முதலில் ஒரு பிரைமர். கடைசியில் வார்னிஷ் அடித்தால் கல்லின் அடிப்பக்கத்தை விட்டுவிடுங்கள். உள்ளே போன சிறு ஈரம் வெளியேற ஒரு வாசல் இருக்கட்டும்.

இந்த வட்டாரத்துக்கென்று இன்னொரு எச்சரிக்கை உண்டு. பச்சைத் தோலை உப்பிட்டுத்தான் பாதுகாக்கிறார்கள். அந்த உப்பும் கழிவும் பாலாற்றங்கரையின் நிலத்தடி நீரைப் பல இடங்களில் கெடுத்துவிட்டன. 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் அளவுக்குப் போன துயரம் அது. அந்த உப்புத் தண்ணீரில் கல்லைக் கழுவிப் பெயின்ட் அடித்தால், உலரும்போது உப்பு படிகமாகி அடியிலிருந்து பெயின்ட்டைத் தள்ளிவிடும். குடிக்கிற தண்ணீரில் கடைசியாக ஒருமுறை அலசி, இரண்டு நாள் காயவிடுங்கள்.

இனி கல்லைத் தேர்ந்தெடுப்பது. உருவத்தைக் கல்மேல் திணிப்பதைவிட, கல்லுக்குள் யார் இருக்கிறார் என்று பார்ப்பதே இன்பம். சண்டிகரில் நேக் சந்த் என்ற சாலை ஆய்வாளர் 1957 முதல் மலையடிவாரத்துக் கற்களைச் சைக்கிளில் கொண்டுவந்து, உடைந்த வளையலும் பீங்கானும் சேர்த்து, யாருக்கும் தெரியாமல் ஒரு தோட்டம் அமைத்தார். 1976-இல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. கல்லின் வடிவத்தில் மனிதரையும் பறவையையும் கண்ட கண் அவருடையது. நம் செம்மண்ணில் முதல் மழைக்குப் பின் ஊரும் தம்பலப்பூச்சியைப் பொறிவண்டுக்குப் பதிலாக வரையலாமே! புளியங்கொட்டையைப் பெரிதாக்கியது போன்ற கல் கிடைத்தால் போதும். அடர்ந்த சிவப்பு, எட்டுக் குட்டைக் கால்கள், நடுவில் லேசான பள்ளம்.

கல்லை ஜல்லிக் குவியலிலிருந்தோ உங்கள் கொல்லையிலிருந்தோ எடுங்கள். மலைப்பாறையில் மட்டும் வரையவேண்டாம். குலு, மணாலிப் பாதைப் பாறைகளில் விளம்பரம் தீட்டியதை உச்ச நீதிமன்றமே 2002-இல் கண்டித்தது. நம் பாறைகளில் கல்வெட்டும் பழைய ஓவியமும் இருக்கக்கூடும். ஆர்மாமலைக்குப் போனால் டப்பாவும் தூரிகையும் வீட்டிலேயே இருக்கட்டும்.

வரைந்த கல்லை நேராக மண்ணில் வைக்காமல், ஒரு கை ஜல்லி பரப்பி அதன்மேல் வையுங்கள். சுண்ணாம்பு பூசிய கல்லாக இருந்தால் பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அதற்கும் ஒரு பூச்சு கொடுங்கள். கன்னிமாருக்கும் அப்படித்தான் செய்கிறார்கள்.