கடையில் பற்று அட்டை: கட்டணம் யாரைச் சாரும்?

சென்ற கோடையில் கபிலர்மலைப் பக்கத்து விவசாயி ஒருவர், பழுதாகிவிட்ட கிணற்று மோட்டாருக்குப் பதிலாகப் புதியதொன்று வாங்கப் பரமத்தி வேலூர்க் கடைவீதிக்குச் சென்றார். விலை 18,000 ரூபாய் என்று பேசி முடிந்தது. வெல்லம் விற்ற பணம் பாங்குக் கணக்கில் இருந்தமையால், டெபிட் கார்டு என்று வழங்கும் பற்று அட்டையை எடுத்து நீட்டினார். "அட்டைன்னா ரெண்டு சதவீதம் சேர்த்துத் தரோணுமுங்க. அது பேங்குல புடிக்கிற காசு" என்றார் கடைக்காரர். 360 ரூபாயைத் தண்டமாக அழ மனமின்றி, விவசாயி பணம் வழங்கும் இயந்திரத்தை நாடினார். ஒரு நாளில் எடுக்கக்கூடிய தொகைக்கு அவரது அட்டையில் வரம்பு இருந்தபடியால் இரண்டு நாள் அலைய நேர்ந்தது. அவ்விரண்டு நாளும் வாழைக்குத் தண்ணீர் பாயவில்லை. பிறகு வேறொரு காரியமாக நம் அலுவலகத்திற்கு வந்தவர், "ஏனுங்க சார், என்ற பணத்தை நானே குடுக்கறதுக்கு எதுக்குங்க கூலி?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. கூலி ஒன்று உண்டு என்பது மெய்யே. ஆனால் அது அவரைச் சார்ந்ததன்று.

அட்டையைக் கருவியில் செருகி இரகசிய எண்ணை அழுத்தியவுடன் மூன்று ஸ்தாபனங்கள் வேலை செய்யத் தொடங்குகின்றன. கடைக்காரருக்குக் கருவியை அளித்த பாங்கு ஒன்று; வாங்குபவருக்கு அட்டையை அளித்த பாங்கு மற்றொன்று; இரண்டுக்கும் இடையே செய்தியையும் கணக்கையும் கொண்டு செல்லும் அமைப்பு மூன்றாவது. ரூபே, விசா, மாஸ்டர்கார்டு என்று அட்டையின் மூலையில் காணப்படும் பெயர் இம்மூன்றாம் அமைப்பினுடையதே. இவர்களுடைய ஊழியத்திற்குப் பிரதியாக, விற்ற தொகையில் ஒரு சிறு பகுதியைக் கழித்துக்கொண்டு மீதத்தையே கடைக்காரர் கணக்கில் வரவு வைக்கிறார்கள். மண்டியில் தரகு பிடித்துக்கொண்டு மீதத்தைக் கொடுப்பது நம் வட்டார வெல்ல உற்பத்தியாளர்களுக்கும் வெற்றிலைக் கொடிக்கால்காரர்களுக்கும் பழகிய முறையாகும். இதுவும் அவ்வகைத் தரகே. அது பிடிக்கப்படுவது விற்றவரின் பணத்தில். வாங்கியவரின் கணக்கில் பொருளின் விலை மட்டுமே பற்றெழுதப்பட வேண்டும்.

பற்று அட்டைக்கு விலையில் இத்தனை சதவீதம் என்று வாடிக்கைக்காரரிடம் கூடுதலாக வாங்குவது ஒப்பத்தக்கதன்று என்று ரிசர்வ் பாங்கு 2013 செப்டம்பரிலேயே பாங்குகளுக்கு எழுதியது. 2017 டிசம்பரில் புதிய கட்டண விகிதங்களை வகுத்தபோதும், கடைக்காரர்கள் இக்கட்டணத்தை வாங்குபவர் தலையில் ஏற்றாதபடி பார்த்துக்கொள்ள வேண்டியது பாங்குகளின் பொறுப்பு என்று மீண்டும் கூறியது.

அந்த விகிதங்களைக் கடைக்காரர்களும் தெரிந்துகொள்ளுதல் நலம். முந்தைய நிதியாண்டில் 20 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத விற்றுமுதல் உடையவர் சிறு வியாபாரி. அவரிடம் பற்று அட்டை விற்பனையில் 100 ரூபாய்க்கு 40 காசுக்கு மேல் பிடிக்கலாகாது. ஒரு விற்பனைக்கு 200 ரூபாயே உச்சம். அதற்கு மேற்பட்ட வியாபாரிக்கு 100 ரூபாய்க்கு 90 காசு. உச்சம் 1,000 ரூபாய். இவை 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ரூபே பற்று அட்டைக்கோ இதுவும் கிடையாது. 2019ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் வழியே செய்யப்பட்ட திருத்தத்தினால், 2020 ஜனவரி 1 முதல் ரூபே பற்று அட்டைக்கும் செல்பேசி வழியான யு.பி.ஐ. முறைக்கும் கடைக்காரரிடம் இக்கட்டணம் வாங்குவது அறவே நின்றது. அத்தேதிக்குப் பிறகு வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுமாறு 2020 ஆகஸ்டில் நேர்முக வரி வாரியம் பாங்குகளுக்கு அறிவுறுத்தியது.

மோட்டார்க் கடைக் கணக்கை இப்பொழுது போட்டுப் பார்ப்போம். 18,000 ரூபாய்க்குச் சிறு வியாபாரியிடம் பிடிக்கக்கூடியது 72 ரூபாய். அதன்மீது 18 சதவீதச் சரக்கு சேவை வரியும் சேர ஏறத்தாழ 85 ரூபாய். பெரிய கடையானால் 162 ரூபாய். வரியுடன் ஏறத்தாழ 191. கடைக்காரர் கேட்டதோ 360! நம் விவசாயியின் அட்டையை வாங்கிப் பார்த்தேன். அது ரூபே அட்டை. ஆகவே அந்த விற்பனையில் கடைக்காரருக்கு இத்தரகினால் ஒரு காசும் நஷ்டம் நேர்ந்திராது.

கடைக்காரரைக் குறை கூறிவிட்டுப் போவது மட்டும் நியாயமாகாது. அவர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நான் எண்ணவில்லை. கடன் அட்டைக்குரிய கட்டணத்தையும் பற்று அட்டைக்குரியதையும் ஒன்றாக எண்ணுவோர் பலர். கடன் அட்டைக்கு இத்தகைய உச்சவரம்பு வகுக்கப்படவில்லை. அதற்கான தரகும் அதிகம். மேலும், சிறு வியாபாரி என்ற வகுப்பில் சேரவேண்டிய மளிகைக் கடைக்காரர், தம் விற்றுமுதலைப் பாங்குக்குத் தெரிவிக்காமையால் 40 காசுக்குப் பதில் 90 காசு கொடுத்துக்கொண்டிருக்கலாம். மாதந்தோறும் வரும் கணக்கு விவரத்தை ஒருமுறை படித்துப் பார்த்தாலே இது வெளிப்பட்டுவிடும். கருவிக்கு மாத வாடகை இருந்தால் அது வேறு கணக்கு. அதனை வாங்குபவரிடம் வசூலிப்பதற்கும் இடமில்லை.

இந்த வழக்கு நம் கடைவீதிக்கு மட்டும் உரியதன்று. 2016 நவம்பர் 8ஆம் தேதி 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டபின், நாடெங்கும் பெட்ரோல் விற்பனை நிலையங்களில் அட்டைகள் வெகுவாகப் புழங்கின. 2017 ஜனவரியில் சில பாங்குகள் அந்நிலையத்தாரிடம் 1 சதவீதம் பிடிக்கப்போவதாகத் தெரிவித்தன. லிட்டருக்கு இவ்வளவு என்று நிர்ணயிக்கப்பட்ட தரகில் பிழைப்பவர்கள் அவர்கள். விலையை உயர்த்தி ஈடுகட்ட வழியில்லை. ஆகவே அட்டையை ஏற்கமாட்டோம் என்றார்கள். கட்டணம் ஜனவரி 13 வரை தள்ளிவைக்கப்பட்டது. வாடிக்கைக்காரரும் விற்பனை நிலையத்தாரும் இதனைச் சுமக்க வேண்டியதில்லை என்று மத்திய அரசாங்கம் பின்னர் தெளிவுபடுத்தியது. இதற்கு முன்பே, 2011இல், கடைகளில் பற்று அட்டையைப் பயன்படுத்துவோரிடம் மாதம் 5 டாலர் வசூலிக்கப் பாங்க் ஆப் அமெரிக்கா முற்பட்டு, மக்களின் கண்டனத்திற்குப் பணிந்து அதே ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி அத்திட்டத்தைக் கைவிட்டது.

ரூபேக்குக் கட்டணம் இல்லை என்றால் செலவே இல்லை என்பது பொருளன்று. கருவிகளும் கணினிகளும் காற்றில் இயங்குவதில்லை. கடைக்காரர் கொடாததை ஈடுசெய்ய மத்திய அரசாங்கம் பாங்குகளுக்கு ஊக்கத்தொகை வழங்க முற்பட்டது. 2021-22ஆம் ஆண்டுக்கு 1,300 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஆகவே வரி செலுத்தும் நாம் ஏற்கெனவே ஒருமுறை கொடுத்துவிட்டோம். கடையிலும் மற்றொருமுறை கொடுப்பானேன்?

நம் வட்டாரத்தில் ஊரக வேலைக் கூலி பாங்குக் கணக்கிலேயே வரவு வைக்கப்படுகிறது. 2023 செப்டம்பர் 15ஆம் தேதி தொடங்கப்பெற்ற மகளிர் உரிமைத் தொகையான மாதம் 1,000 ரூபாயும் அவ்வழியாகவே சகோதரிகளைச் சென்றடைந்தது. நவீன செல்பேசி இல்லாத முதியோருக்கு இந்த அட்டையே துணை. ஆயிரத்தில் இருபது ரூபாய் என்பது அவர்களுக்கு ஒரு நாளைய பால் செலவு.

சில நுட்பங்களையும் கவனிக்க வேண்டும். கடைக் கருவியில் அட்டையைத் தேய்த்துப் பொருள் வாங்காமல் ரொக்கமாகப் பெறும் வசதி சில கடைகளில் உண்டு. ஒரு தடவைக்கு 2,000 ரூபாய் வரை பெறலாம். அதற்கு 1 சதவீதத்திற்கு மேற்படாமல் கட்டணம் வாங்க ரிசர்வ் பாங்கு இடமளித்திருக்கிறது. கணக்கில் போதிய பணமின்றி அட்டையைத் தேய்த்தால், அதற்கெனச் சில பாங்குகள் அபராதம் பிடிக்கின்றன. ஆதலின் இருப்பை அறிந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது. உரக்கடையில் கைரேகை வைக்கும் கருவி மானிய உரத்தின் கணக்குக்கானது. பணம் செலுத்தும் கருவியன்று. இரண்டையும் குழப்பிக்கொண்டு வருந்தி வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

கடையில் கூடுதலாகக் கேட்டால், அத்தொகையைப் பில்லில் தனியாக எழுதித் தருமாறு கேளுங்கள். எழுதித் தர இயலாது என்று கூறிப் பல கடைக்காரர்கள் அத்துடன் விட்டுவிடுவதுண்டு. எழுதித் தந்தாலோ அதுவே சான்று. பில்லையும் கருவி அச்சிட்ட சீட்டையும் இணைத்துப் பாங்குக் கிளையில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, ஒப்புகை பெற்றுக்கொள்ள வேண்டும். கருவியைக் கொடுத்த பாங்கின் பெயர் பெரும்பாலும் அந்தச் சீட்டின் தலைப்பிலேயே இருக்கும். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி அளிக்காவிட்டாலும், ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். இதற்குக் கட்டணம் இல்லை. முறையை அறிந்துகொள்ள 14448 என்ற தொலைபேசி எண் உள்ளது. எழுதப் படிக்க இயலாதவர்கள் பில்லுடன் நம் ஒன்றிய அலுவலகத்திற்கு வந்தால், மனுவை எழுதிக் கொடுக்க ஊழியர் ஒருவரை ஏற்பாடு செய்கிறேன்.