பழைய சலவை இயந்திரத்தில் கோழி இறகு பிடுங்கலாமா?

மெல்பேணுக்கு வெளியே பெரிய வளவு வாங்கிய எம்மவர் சிலர் வீட்டிலேயே கோழி வளர்க்கிறார்கள். ஊர்க்கோழிக் குழம்பை உண்டு வளர்ந்தவர்களுக்குக் கடைக்கோழி எங்கே பிடிக்கப் போகிறது! பத்துப் பதினைந்து கோழிகளை ஒரே நாளில் கையால் துப்புரவாக்குவது சிரமம். ஆகவே, கழித்துவிட்ட சலவை இயந்திரம், பிளாஸ்ரிக் பரல் போன்றவற்றைக் கொண்டு தாமே இறகு பிடுங்கும் பொறி செய்கிறார்கள். செய்யுங்கள், நாம் தடுக்கவில்லை. சில விடயங்களை மட்டும் முதலில் அறிந்துகொள்ளுங்கள்.

பொறியின் வேலை எளிது. உருளையின் சுவரிலும் சுழலும் அடித்தட்டிலும் றப்பர் விரல்கள் பொருத்தப்பட்டிருக்கும். சுடுநீரில் தோய்த்த கோழியைப் போட்டுச் சுழற்றினால் அரை நிமிடமளவில் இறகு கழன்றுவிடும். அவ்வேளை குழாய்த் தண்ணீரும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

தண்ணீரும் மின்சாரமும் ஒன்றாக இருக்கும் இடம் இது. பழைய மோட்டாருடன் உள்ள கப்பாசிற்றர், பிளக்கைக் கழற்றிய பிறகும் மின்னைத் தேக்கி வைத்திருக்கும், தொட்டால் அடிக்கும். மின்வேலையை உரிமம் பெற்ற மின்தொழிலாளரிடமே விடுங்கள். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாத இணைப்பில் பொறியை ஓட்டவே கூடாது. பெல்ற்றுக்கு மூடி போடுங்கள். சுழலும்போது உள்ளே கைவிட வேண்டாம்.

அடுத்தது, அந்தப் பொருள் முன்பு எதற்குப் பயன்பட்டது என்பது. பூச்சிமருந்தோ எண்ணெய்க் கழிவோ இருந்த பரலை எத்தனை தரம் கழுவினாலும் உணவுக்கு ஆகாது, ஏனெனில் பிளாஸ்ரிக் அவற்றை உறிஞ்சி வைத்திருக்கும். உணவுப் பொருள் வந்த பரலே நல்லது. பழைய குளியல் தொட்டியின் எனாமலில் ஈயம் இருக்கலாம், அதில் இறைச்சியை ஊறவிட வேண்டாம். வெட்டிய ரயர்த் துண்டுகளை விரல்களாகப் பூட்டுவோரும் உண்டு. அது எமக்கு உடன்பாடில்லை. உணவுக்கு ஏற்ற றப்பர் விரல்கள் விலைக்குக் கிடைக்கின்றன. நாகம் பூசிய தகரத்தை வெல்டிங் செய்தால் எழும் புகை காய்ச்சலை உண்டாக்கும். எவர்சில்வர் உருளை இருந்தால் அதைவிட நல்லது எதுவுமில்லை.

கோழியின் குடலில் கம்பைலோபக்டர், சல்மொனெல்லா கிருமிகள் இருக்கலாம். பொறி சுழலும்போது அவை தண்ணீருடன் நாலாபக்கமும் தெறிக்கும். ஆகவே சமையலறைக்கும் பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கும் தூரத்தில் வையுங்கள். வெட்டுவதற்கு எட்டு முதல் பன்னிரண்டு மணித்தியாலம் முன்பே தீனியை நிறுத்தி, தண்ணீர் மட்டும் கொடுத்தால் குடல் வெறுமையாகும். தோய்க்கும் நீர் 60 முதல் 65 பாகை செல்சியசில், ஒரு நிமிடமளவு போதும். கையை வைத்துப் பார்த்து மதிப்பிடாமல் வெப்பமானி வாங்குங்கள். சூடு கூடினால் தோல் கிழியும்.

குடல் எடுத்த கோழியை உடனே ஐஸ் தண்ணீரில் இட்டு 5 பாகைக்குக் கீழே கொண்டுவாருங்கள். சமைக்கும்போது உள்ளே 75 பாகை எட்ட வேண்டும். வேலை முடிந்ததும் விரல்களின் இடுக்குகளைச் சவர்க்காரத்தால் தேய்த்துக் கழுவி, பின்னரே பிளீச் கலந்த நீர் ஊற்றுங்கள். பிளீச்சுடன் வினாகிரியைக் கலந்தால் நச்சுவாயு வரும்.

2024ஆம் ஆண்டில் விக்ரோரியாவின் சில கோழிப் பண்ணைகளில் பறவைக் காய்ச்சல் காணப்பட்டது. சோர்ந்த, நோயுற்ற கோழியை வெட்டாமல் கால்நடை வைத்தியரிடம் தெரிவியுங்கள். வீட்டில் வெட்டுவது குறித்து உங்கள் நகரசபையிலும் கேளுங்கள். அயலவருக்கு இறைச்சியை விற்பதற்கு விதிகள் வேறு.