ஆடியிலே மின்னாத விளக்கு

மேளம் முழங்குகிறது. நாயனம் இழைகிறது. "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று ஒரு குரல் கிளம்புகிறது. அந்த நேரத்திலே மணமகன் முகத்தைப் பார்ப்பவர் உண்டு. மணமகள் கழுத்து நகையை எடை போடுபவர் உண்டு. முதல் பந்தியிலே இடம் கிடைக்குமா என்று பார்ப்பவரும் உண்டு! ஆனால், மேடையின் ஓரத்திலே ஒற்றைக் காலை ஊன்றி, மூச்சை அடக்கி, மூன்று முடிச்சையும் குறிதவறாமல் பார்க்கிறானே ஒருவன், அவனைப் பார்ப்பவர் யார்? "மறைக்காதேப்பா, தள்ளி நில்லு!" என்பதைத் தவிர, அவனுக்குக் கிடைக்கும் வாழ்த்துரை எது?

அந்தப் போட்டோக்காரத் தோழனைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். கல்யாணத்தன்று அவன் படும் பாட்டை நீங்கள் கண்டிருப்பீர்கள். கல்யாணமே இல்லாத மாதத்திலே அவன் படும் பாட்டைக் கண்டதுண்டா?

ஆடி ஆகாது. புரட்டாசி கூடாது. மார்கழி வேண்டவே வேண்டாம். மூன்றையும் கூட்டுங்கள், ஏறத்தாழ 90 நாள். ஆண்டிலே கால் பங்கு! மிச்சமிருக்கும் மாதங்களிலும் வளர்பிறை முகூர்த்தத்தைத்தான் பலர் தேடுகிறார்கள். ஒரே நாளில் ஊரிலுள்ள மண்டபமெல்லாம் நிறைகிறது. நான்கு வீட்டார் ஒரே ஆளைக் கூப்பிடுகிறார்கள். மறுநாளிலிருந்து பத்து நாள் தொலைபேசி வாய் திறப்பதில்லை. ஆலையிலே வேலை இல்லையென்று தொழிலாளியை நிறுத்தி வைத்தால், பாதிச் சம்பளமாவது தரவேண்டும் என்று 1953 இலேயே சட்டம் செய்தார்கள். பஞ்சாங்கம் அறிவிக்கும் லே-ஆப்புக்கு எந்தச் சட்டம், எந்தச் சம்பளம்?

ஏன் ஆடி ஆகாது? ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டிய உழவனிடம் பந்தி வைக்கக் காசு ஏது? தையிலே நெல் வீடு வந்தது, கல்யாணமும் வந்தது. கையிருப்பை ஒட்டிய ஏற்பாடு அது. பின்னால் வந்தவர்கள் அதற்குச் சாத்திரச் சட்டை மாட்டினார்கள் என்பது என் எண்ணம். மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கும் குமாஸ்தா வீட்டிலும் இன்று ஆடி ஆகாது என்கிறார்களே, அவர் எந்த வயலிலே நாற்று நடுகிறார்?

எங்கள் கடைத்தெருவிலே இருபது ஆண்டுகளாக ஸ்டுடியோ நடத்தும் நண்பரிடம் இதைக் கேட்டேன். சிரித்தார். "அண்ணே, ஆடியிலே எனக்கு அரிசி போடுறது மூணு பேர். மசூதித் தெரு ஒண்ணு, மாதா கோயில் தெரு ஒண்ணு, உங்க ஆளுங்க ஒண்ணு" என்றார். உண்மைதானே! கிறித்தவர் வீட்டிலே தவக்காலத்தில்தான் மணம் பேச மாட்டார்கள், ஆடிக்குத் தடையில்லை. இசுலாமியர் மாதங்களோ ஆண்டுக்குப் பதினோரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே இருப்பவை. ரம்சான் ஓர் ஆண்டு கோடையில், இன்னோர் ஆண்டு குளிரில். நம்மவர் சங்கதி தெரிந்ததுதான். 1967 இலே அண்ணா முதலமைச்சராயிருந்தபோது சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லும் என்றானது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ராகுகாலத்திலும் மாலை மாற்றியவர்கள் நாம். "ஆனா அண்ணே, உங்க தலைவருங்க வாழ்த்திப் பேசி முடிக்கிறதுக்குள்ளே மெமரி கார்டு நிறைஞ்சிடுது" என்றும் சொன்னார். மேடையேறும் தோழர்கள் கவனிக்க!

மற்ற நாளெல்லாம் சும்மாவா உட்கார்ந்திருக்கிறார்? வைகாசியிலே முடிந்த கல்யாணத்துக்கு ஆடியிலேதான் ஆல்பம் பிறக்கிறது. ஒரு கல்யாணத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் படம். அவருடைய தந்தை காலத்திலே ஒரு ரோலுக்கு 12 படம். மூன்று ரோல் போட்டு 36 படத்திலே மாப்பிள்ளை அழைப்பிலிருந்து மறுவீடு வரை முடித்துவிடுவார். தாலி கட்டும் நொடிக்குத் தனியாக இரண்டு படம் ஒதுக்கி வைப்பாராம். இன்று மூவாயிரத்திலே நூற்றைம்பதைப் பொறுக்க வேண்டும். கண்மூடிய மாமாவை நீக்கு. மாமியாரின் கைப்பை மணமகள் முகத்தை மறைத்ததை நீக்கு. நாள் முழுவதும் திரையைப் பார்த்துக் கண் சிவந்துபோகிறது.

கேமராவுக்கும் அப்போதுதான் வைத்தியம். மழைக்காலத்திலே லென்சுக்குள் காளான் பிடித்துக்கொள்ளும். மர அலமாரியிலே சின்ன பல்பு ஒன்றை எரியவிட்டு ஈரம் அண்டாமல் காக்கிறார். நல்ல கேமராவின் ஷட்டருக்கே ஒன்றரை லட்சம் தடவைதான் ஆயுள் என்று கணக்கிடுகிறார்கள். கல்யாணத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு என்றால் அறுபது கல்யாணம்! தொண்டை கிழியக் கத்தும் பேச்சாளனுக்கு இதைவிடக் கொஞ்சம் கூடுதல் ஆயுள் உண்டென்று நினைக்கிறேன்.

பாஸ்போர்ட் படம், பள்ளிக்கூடத்து வகுப்புப் படம், ஆடிக் கூழ், தீமிதி, நம் பொதுக்கூட்டம், எது வந்தாலும் எடுக்கிறார். அவருக்காவது கடை இருக்கிறது. விளக்குப் பிடிக்கும் பையன், வீடியோ எடுக்கும் பையன் இருவரும் நாள் கூலிக்காரர்கள். முகூர்த்தம் இல்லையென்றால் ஒருவன் சாப்பாட்டுப் பொட்டலம் சுமந்து இருசக்கர வண்டியிலே அலைகிறான். மற்றவன் பெயிண்ட் அடிக்கப் போகிறான். 2020 மார்ச் 25 இலே ஊரடங்கு வந்ததே, அந்தச் சித்திரையும் வைகாசியும் இவர்களுக்கு இரண்டு மார்கழிகள். பிறகு ஐம்பது பேரோடு கல்யாணம் நடத்தலாம் என்றார்கள். அந்த ஐம்பதிலே போட்டோக்காரனுக்கு இடம் கொடுக்க மனம் வராமல், கைப்பேசியிலே எடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

"இந்தத் தொழிலிலே ஜெயித்தோம் என்று எதை வைத்துச் சொல்லுவீர்?" என்று கேட்டேன். எத்தனை ஆர்டர், எவ்வளவு ரூபாய் என்று சொல்லுவார் என எதிர்பார்த்தேன். கைப்பேசியில் விழும் 'லைக்'கைச் சொல்லுவாரோ என்றும் நினைத்தேன். "அதெல்லாம் கடைப்பையன் கணக்கு" என்று ஒதுக்கிவிட்டார். "ரெண்டே கணக்கு அண்ணே. பாக்கிப் பணம் கேட்காம வந்துதா? அக்கா கல்யாணத்துக்கு எடுத்தவனைத் தங்கச்சி கல்யாணத்துக்கும் கூப்பிட்டாங்களா?" முதல் கணக்கிலே அவர் அடிக்கடி தோற்கிறார். யானை அளவு பந்தல் போட்ட பெரிய வீடு ஒன்று, 'ஆல்பத்திலே சம்பந்தி முகம் கறுப்பாக விழுந்துவிட்டது' என்று காரணம் சொல்லி, மூன்று ஆண்டாகப் பாக்கியைத் தரவில்லை. சம்பந்தியின் நிறத்துக்கு இவரா ஜவாப்தாரி?

பேசிக்கொண்டிருக்கும்போதே பனியன் கம்பெனித் தொழிலாளி ஒருவர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். முந்தின நாள் அவருடைய தாயார் இறந்துவிட்டார். வீட்டிலே மாட்ட ஒரு படம் இல்லை; ஆதார் அட்டையிலிருந்த முகத்தை அவருக்கே அடையாளம் தெரியவில்லை. "ஆறு வருஷத்துக்கு முன்னாலே என் கல்யாணம் நீங்கதான் எடுத்தீங்க. அதிலே எங்கேயாவது அம்மா இருக்காங்களா?"

நண்பர் பேச்சை நிறுத்திவிட்டு, பழைய ஹார்டு டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகச் செருகினார். முதலிலே இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதிலே அந்தக் கல்யாணம் கிடைத்தது. மேடையிலே நிற்கும் படங்களிலெல்லாம் அந்த அம்மாள் பின்வரிசையிலே யாருடைய தோளுக்கோ பின்னால் மறைந்திருந்தார். கடைசியில், சமையற்கட்டு வாசலிலே முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே யாரையோ பார்த்துச் சிரிக்கும் படம் ஒன்று வந்தது. ஆல்பத்துக்கு ஆகாது என்று நண்பர் அன்று ஒதுக்கிய படம்.

"இதுதான்" என்றார் அந்தத் தொழிலாளி. சட்டைப் பையிலே கை விட்டார்.

"சாயந்தரம் வந்து வாங்கிக்குங்க. காசை உள்ளே வைங்க" என்றார் நண்பர். அவர் போனபின் பையனைக் கூப்பிட்டு, அந்த மூன்றாவது டிஸ்க்கைப் புதியதொன்றில் நகல் எடுக்கச் சொன்னார்.