மயிலாப்பூருக்கு ஐந்து பேர்

2001-இல் பா.ஜ.க.வின் கே.என். லட்சுமணன். 2006-இல் அ.தி.மு.க.வின் எஸ்.வி. சேகர். 2011-இல் அதே கட்சியின் ராஜலட்சுமி. 2016-இல் மறுபடியும் அ.தி.மு.க., ஆனால் ஆள் முன்னாள் டி.ஜி.பி. ஆர். நட்ராஜ். 2021-இல் தி.மு.க.வின் த. வேலு. இந்த நூற்றாண்டின் முதல் ஐந்து தேர்தல்களில் மயிலாப்பூர் அனுப்பிய எம்.எல்.ஏ.க்கள் ஐந்து பேர். ஒரே கட்சி தொடர்ந்து மூன்று முறை ஜெயித்த காலத்திலும் பதவியில் இருந்தவருக்கு அதே தொகுதியில் மறுபடி சீட்டு கிடைக்கவில்லை. நட்ராஜுக்கு மட்டும் 2021-இல் கிடைத்தது, தோற்றுப்போனார்.

மாற்றம் நல்லதுதானே என்று கேட்கலாம். அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் மைக்கேல் மேடிகன் 1971 முதல் 2021 வரை ஐம்பது ஆண்டுகள் சட்டமன்றத்தில் இருந்தார், பெரும்பகுதி சபாநாயகராக. 2025-இல் ஊழல் வழக்கில் ஏழரை ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். நீண்ட காலம் இருப்பதும் ஆபத்துதான். ஆனால் நம் ஊர் ஆபத்து வேறு வகை. சட்ட முன்வடிவைப் படிக்க, திருத்தம் கொடுக்க, கணக்குத் தணிக்கை அறிக்கையை வைத்துக் கேள்வி கேட்க ஒருவர் பழகி முடிப்பதற்குள் ஐந்து ஆண்டு முடிந்துவிடுகிறது. பழகியவரை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது தொகுதியின் கையில் இல்லை. சீட்டு கட்சித் தலைமையின் கையில்.

சீட்டு மட்டுமா, வாயும்தான். 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகலாம். போகலாம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசின் நம்பிக்கை வாக்கெடுப்பில் எதிர்த்து வாக்களித்த 11 அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்களில் மயிலாப்பூர் நட்ராஜும் ஒருவர். அவர்களைத் தகுதி நீக்கம் செய்யக் கோரிய மனு சபாநாயகரிடமும் நீதிமன்றங்களிலும் கிடந்தது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விஷயத்தைச் சபாநாயகரிடமே விட்டது. பதினோரு பேரின் பதவிக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதே 2017-இல், முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த அதே கட்சியின் 18 எம்.எல்.ஏ.க்களை சபாநாயகர் தனபால் செப்டம்பர் 18 அன்று நீக்கினார். அவர்கள் அவையில் எதிர்த்து வாக்களித்திருக்கவில்லை. உயர் நீதிமன்றம் அந்த நீக்கத்தை 2018 அக்டோபரில் உறுதி செய்தது. வாக்களித்தவர்கள் பிழைத்தார்கள், கடிதம் கொடுத்தவர்கள் போனார்கள். இதைப் பார்த்த எந்த எம்.எல்.ஏ.வும் கற்றுக்கொள்ளக்கூடிய பாடம் ஒன்றுதான்: தலைமை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்.

வாக்காளர் பங்கும் இதில் உண்டு. சென்னை மாநகராட்சி மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த கவுன்சிலர்கள் வந்தது 2022-இல். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சாக்கடை அடைப்பு, தெருவிளக்கு, குடிநீர் லாரி எல்லாவற்றுக்கும் மக்கள் போய் நின்றது எம்.எல்.ஏ. வாசலில். கவுன்சிலர்கள் வந்த பிறகும் பழக்கம் மாறவில்லை. தி.நகர் மேட்லி சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் எம்.எல்.ஏ. எங்கே என்கிறோம். அவர் எந்தச் சட்டத்துக்குக் கை தூக்கினார் என்று கேட்டவர் உண்டா?

தேர்ந்தெடுக்கும் நாளில் வருபவர்களும் குறைவு. 2021-இல் மாநிலத்தில் சுமார் 73 விழுக்காடு வாக்குப் பதிவு, சென்னை மாவட்டத்தில் சுமார் 59. அந்தத் தேர்தலில் தி.நகரில் தி.மு.க.வின் ஜெ. கருணாநிதி, அப்போதைய எம்.எல்.ஏ.வான அ.தி.மு.க.வின் சத்தியநாராயணனை வென்ற வித்தியாசம் 137 வாக்குகள். தமிழகத்திலேயே மிகக் குறைவு. பாண்டி பஜாரை ஒட்டிய இரண்டு மூன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அன்று வெளியே வராதவர்களே அந்த எண்ணிக்கையைத் தாண்டியிருப்பார்கள்.

சட்டத்தைப் பற்றி எம்.எல்.ஏ.விடம் யாரும் கேட்காததன் விலை என்ன? 2023 ஏப்ரல் 21, கூட்டத் தொடரின் கடைசி நாள். தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் ஆளும் தி.மு.க.வின் கூட்டணிக் கட்சிகளின் வெளிநடப்புக்கு நடுவே நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தன, மூன்றே நாளில் நிறுத்தி வைக்கப்பட்டது, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். அந்த ஏப்ரல் 21 அன்றே நில ஒருங்கிணைப்புச் சட்ட முன்வடிவும் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத, நீர்நிலைகளும் அடங்கிய நிலப்பரப்பைச் சிறப்புத் திட்டங்களுக்காக ஒருங்கிணைக்க அரசுக்கு வழி தரும் சட்டம் அது. இதற்குத் தெருவில் பெரிய கூட்டம் கூடவில்லை. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வீட்டுக்குள் நுழைந்தவர்கள் ஏரிகளைப் பற்றிய ஒரு சட்டத்தில் தங்கள் எம்.எல்.ஏ. என்ன நினைத்தார் என்று தெரிந்துகொள்ள விரும்பலாம். ஆனால் அவையில் மசோதாக்கள் பெரும்பாலும் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறுகின்றன. யார் ஆம் என்றார், யார் இல்லை என்றார் என்று பெயர் வாரியாக அதில் எதுவும் பதிவாவதில்லை.