குறைந்த விலைக்கு வந்த ஓடர்

வீட்டில் இரண்டு மெஷின் போட்டுப் பாடசாலைப் பர்தா தைத்து விற்கும் சகோதரி நீங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 1,400 ரூபா. பக்கத்து ஊர்ப் பாடசாலையிலிருந்து ஓர் ஓடர் வருகிறது. 100 பர்தா வேண்டுமாம். ஆனால் 1,000 ரூபாவுக்கு மேல் தரமாட்டார்களாம். என்ன சொல்வீர்கள்?

கணக்குக் கொப்பியைப் பார்க்கிறீர்கள். துணி 600, நூல் 40, தைக்கும் பிள்ளைக்குக் கூலி 200. அறை வாடகையையும் மெஷின் தவணையையும் பங்கிட்டால் ஒன்றுக்கு 260. மொத்தம் 1,100. "நூறு ரூபா நட்டம், வேண்டாம்" என்று விடுவீர்கள்.

அவசரப்படாதீர்கள். இந்த ஓடரை எடுத்தாலும் விட்டாலும் வாடகையும் தவணையும் கட்டத்தானே வேண்டும்? ஓடரால் கூடாத செலவை அதன் தலையில் கட்டுவானேன்? புதிதாகக் கையை விட்டுப் போவது 840தான். ஒன்றில் 160 மிஞ்சும், நூறில் 16,000. சின்னம் எம்பிராய்டரி போட 3,000, வேன் கூலி 1,000. இவை இந்த ஓடருக்காகவே வருபவை. கழித்தால் 12,000 உங்களுக்கு. தைக்கும் பிள்ளைக்கும் 20,000 ரூபா வேலை கிடைக்கும். (அவருக்கு மாதச் சம்பளம் என்றால், வேலை குறைந்த காலத்தில் அந்த 200ஐக்கூடச் சேர்க்கத் தேவையில்லை.)

ஆனால் இது மெஷின் சும்மா கிடக்கும் மாதத்துக் கணக்கு. ஜனவரியில் பாடசாலை திறக்கும் நேரம் என்றால் கதை வேறு. வழக்கமாக விற்கும் ஒரு பர்தாவில் உங்களுக்கு 560 மிஞ்சுகிறது. இந்த ஓடருக்காக 22 பேரைத் திருப்பி அனுப்பினால் 12,320 ரூபா போய்விடும். அப்போது மறுப்பதே இலாபம்.

அலுமாரியில் பழைய துணி இருக்கிறதா? அன்று கொடுத்த விலையை மறந்துவிடுங்கள். திரும்ப வாங்க வேண்டிய துணி என்றால் இன்றைய புறக்கோட்டை விலையைப் போடுங்கள். வேறு எதற்கும் உதவாத துணி என்றால், விற்றால் என்ன கிடைக்குமோ அதுதான் அதன் பெறுமதி.

கொப்பியில் எழுத முடியாத ஒன்றும் உண்டு. 1,400 கொடுக்கும் உங்கள் தெருக்காரர் காதில் இந்த 1,000 விழுமா? பக்கத்து ஊர் என்பதால் தப்பலாம். உள்ளூர்ப் பாடசாலை என்றால் நான் யோசிப்பேன். எல்லா ஓடரையும் இப்படி எடுக்கவும் முடியாது. வாடகையை யாராவது கட்ட வேண்டுமே.

எடுப்பதென்று முடிவு செய்தால் துணிக் காசையாவது முற்பணமாகக் கேளுங்கள். 100 பர்தாவுக்கு அது 60,000 ரூபா.