ஏழு உயிர்களுக்கு ஈடாக வந்த சிவப்புக் கப்பல்!

அமெரிக்காவில் உள்ள பாஸ்டன் துறைமுகம் எப்போதும் சந்தடி நிறைந்தது. சரக்குக் கப்பல்களும், இழுவைப் படகுகளும், பயணிகள் படகுகளும் ஓயாமல் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும்.

2010-ம் ஆண்டு மே மாதம் அந்தத் துறைமுகத்துக்கு ஒரு பழைய கப்பலை இழுத்து வந்தார்கள். எத்தனை கப்பல்களுக்கு நடுவே நின்றாலும் அதைச் சுலபமாக அடையாளம் கண்டுவிடலாம். உடல் முழுவதும் சிவப்பு. பக்கத்தில் பெரிய பெரிய வெள்ளை எழுத்தில் "நான்டக்கெட்" என்ற பெயர். இரண்டு உயரமான கம்பங்கள். உச்சியில் விளக்கு.

அது சரக்கு ஏற்றும் கப்பல் அல்ல. ஆள் ஏற்றும் கப்பலும் அல்ல. அது ஒரு "விளக்குக் கப்பல்"!

நகராத கப்பல்

கரையிலும் பாறையிலும் கலங்கரை விளக்கம் கட்டலாம். நடுக்கடலில் மணல் திட்டு இருந்தால் என்ன செய்வது? ஒரு கப்பலையே நங்கூரம் பாய்ச்சி நிறுத்தி, அதில் விளக்கு ஏற்றிவிடுவார்கள். அதுதான் விளக்குக் கப்பல்.

நான்டக்கெட் தீவுக்கு அப்பால், கரையே தெரியாத கடலில், அபாயமான மணல் திட்டுகள் உண்டு. ஐரோப்பாவில் இருந்து நியூயார்க் செல்லும் கப்பல்கள் அந்த வழியாகத்தான் வரும். அங்கே நின்று வழி காட்டுவதே இந்தக் கப்பலின் வேலை. புயல் வந்தால் மற்ற கப்பல்கள் துறைமுகத்துக்கு ஓடும். இது மட்டும் ஓடக்கூடாது!

மூடுபனியில் பயங்கரம்

இதற்கு முன்பு அதே இடத்தில் வேறொரு விளக்குக் கப்பல் நின்றது. மூடுபனியில் விளக்கு தெரியாது. அதனால் அது ரேடியோ மூலமும் சைகை அனுப்பும். அந்தச் சைகை வரும் திசையை நோக்கியே பெரிய கப்பல்கள் வரும். அருகில் வந்ததும் விலகிப் போகும்.

1934-ம் ஆண்டு மே 15-ந் தேதி. கடலில் கடும் மூடுபனி. "ஒலிம்பிக்" என்ற மாபெரும் பயணிகள் கப்பல் வந்தது. கடலில் மூழ்கிய "டைட்டானிக்" கப்பலின் ஜோடிக் கப்பல் அது. ரேடியோ சைகையைப் பிடித்துக்கொண்டு வந்த அந்தக் கப்பல், விலகவில்லை. நேராக விளக்குக் கப்பல் மீதே மோதியது!

விளக்குக் கப்பல் இரண்டாகப் பிளந்து மூழ்கியது. அதில் இருந்தவர்கள் 11 பேர். அவர்களில் 7 பேர் இறந்தார்கள். எந்தச் சைகை மற்றவர்களைக் காப்பாற்றியதோ, அதுவே அவர்களுக்கு எமனாக முடிந்தது.

நஷ்டஈடு

இதற்காக பிரிட்டன் நஷ்டஈடு கொடுத்தது. அந்தப் பணத்தில் 1936-ல் புதிய கப்பல் கட்டப்பட்டது. மீண்டும் மோதல் நடந்தாலும் மூழ்காதபடி, தண்ணீர் புகாத பல அறைகளாக அதைப் பிரித்துக் கட்டினார்கள். நீளம் சுமார் 149 அடி.

பாஸ்டனுக்கு வந்த சிவப்புக் கப்பல் இதுதான்.

இரண்டாவது உலகப்போர்க் காலம் போன்ற சில இடைவெளிகள் தவிர, 1975 வரை அது நான்டக்கெட் கடலைக் காத்தது. 1954-ல் அடித்த புயலில் பலத்த சேதம் அடைந்தும் மூழ்கவில்லை.

விலை ஒரு டாலர்!

ஓய்வு பெற்ற பிறகு அது பல ஊர்களுக்கு அலைந்தது. துருப்பிடித்தது. 2009-ல் ஒரு அருங்காட்சியகச் சங்கம் அதை விலைக்கு வாங்கியது. விலை எவ்வளவு தெரியுமா? ஒரே ஒரு டாலர்! ஆனால் பழுதுபார்க்க ஆன செலவோ மிகப் பெரியது. நன்கொடை திரட்டி, படிப்படியாகச் செப்பனிட்டு, சிவப்பு வர்ணம் பூசி, விளக்கையும் மீண்டும் ஏற்றினார்கள்.

அது நின்ற கடலில் 1983-ல் ஒரு மிதவையை வைத்துவிட்டார்கள். அதில் ஆள் கிடையாது. இனி மூடுபனியில் எந்தக் கப்பல் வழி தவறி வந்து மோதினாலும், அங்கே உயிரை விட யாரும் இல்லை.